26 செம்மறி, 10 வெள்ளாடு, மேய்ப்பவர் வயது 36: யோசிக்கத் தெரியாதது யாருக்கு?

சாக்பீஸ்தூள் எழுதியது:

அரசு நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு, 34 பிள்ளைகள். ஆள் இல்லாததால் கணக்கும் அறிவியலும் நானே. போன செவ்வாய்க்கிழமை கடைசி பீரியடில் போர்டில் இப்படி எழுதினேன்: "ஒரு மந்தையில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. மேய்ப்பவரின் வயது என்ன?"

சிரிப்பார்கள், இல்லாவிட்டால் "டீச்சர் ஏதோ எழுத விட்டுட்டீங்க" என்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்தார்கள், தேதி போட்டார்கள், மார்ஜின் கோடு போட்டார்கள், 26 + 10 = 36, விடை 36 வயது என்று அடிக்கோடிட்டு நீட்டினார்கள். 27 பேர் 36. மூன்று பேர் கழித்து 16 எழுதியிருந்தார்கள் ("கூட்டினா ரொம்ப ஈஸியா இருக்கே டீச்சர், அதான் கழிச்சேன்"). இரண்டு பேர் வெற்றுத்தாள். இரண்டே பேர் வயது எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.

கேள்வி என் சொந்தச் சரக்கு அல்ல. பிரான்சில் கிரெனோபிள் நகரத்துக் கணிதக் கல்விக் குழு ஒன்று 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் கப்பல், ஆடு, கப்பல் தலைவனின் வயது என்று சின்ன வகுப்புப் பிள்ளைகள் 97 பேரிடம் இதையே கேட்டது. 76 பேர் கொடுத்த எண்களை வைத்து ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு, நம் பிள்ளைகள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்ற மிதப்பில்தான் கேட்டேன்.

எனக்குத் தூக்கம் கெட்டது அந்த 27 பேரால் அல்ல, அவர்களில் ஒருவனால். அவன் வீட்டிலேயே ஆடு உண்டு. சித்தப்பா கீதாரி, அறுவடை முடிந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு கிடை போட ஊர் ஊராகப் போய்விடுவார். அவனும் 36. பள்ளி விட்டதும் கேட்டில் பிடித்து நிறுத்தி, ஏன்டா, ஆட்டை எண்ணினால் உன் சித்தப்பா வயது தெரியுமா என்றேன். சிரிக்கிறான். "அதெப்படி டீச்சர் தெரியும்? போன மாசம் 8 குட்டி போட்டுச்சு, சித்தப்பாவுக்கு 8 வயசு கூடிடுச்சா?" அப்புறம் ஏன் எழுதினாய் என்றால், "அது கணக்கு பீரியட் டீச்சர்."

அவனுக்கு நன்றாகவே யோசிக்கத் தெரிகிறது. என் வகுப்புக்குள் வரும்போது அதைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வருகிறான். அப்படி விடச் சொல்லிக்கொடுத்தது யார் என்பதுதான் என் கேள்வி. உங்கள் வகுப்புகளில் எப்படி?

மூன்றாம்பீரியட் எழுதியது:

கோபித்துக்கொள்ள வேண்டாம் டீச்சர், இது பிள்ளைகளுக்கு வைத்த பொறி. டாக்டர் நாக்கை நீட்டு என்றால் ஏன் என்று கேட்காமல் நீட்டுகிறோமா இல்லையா? அவன் ஏழு வருடமாகக் கணக்கு பீரியடில் பார்த்தது என்ன? போர்டில் கேள்வி வந்தால் அதற்கு விடை உண்டு, கொடுத்த எண்களையெல்லாம் பயன்படுத்தியாக வேண்டும், விடை டீச்சருக்கு ஏற்கெனவே தெரியும். கி புரூசோ என்ற பிரெஞ்சுக் கணிதக் கல்வி அறிஞர் இதற்கு ஒப்பந்தம் என்றே பெயர் வைத்தார். யாரும் கையெழுத்துப் போடாத, இரண்டு பக்கமும் மீறாத ஒப்பந்தம். அந்த ஒப்பந்தப்படி பார்த்தால் 36 என்பது ரொம்ப நியாயமான விடை.

இன்னொன்று. 'விமர்சனச் சிந்தனை', அதாவது எதையும் அப்படியே நம்பாமல் சோதித்து யோசிப்பது, என்ற சொல் பயிற்சிக்குப் பயிற்சி காதில் விழுகிறது. (விமர்சனம் என்றதும் நம் ஆட்களுக்குப் படத்தைக் கிழிப்பதுதான் ஞாபகம் வருகிறது, அது வேறு கதை.) இதைத் தனியாக ஒரு பீரியட் போட்டு யோகா மாதிரி சொல்லித்தர முடியாது. டேனியல் வில்லிங்ஹாம் என்ற அமெரிக்க உளவியல்காரர் 2007இல் இதைத்தான் விரிவாக எழுதினார்: விஷயம் தெரியாமல் சிந்தனை மட்டும் தனியாக நிற்காது.

பதினொன்றாம் வகுப்பில் வருடா வருடம் கேட்கிறேன், கோடை ஏன் வருகிறது என்று. பாதி வகுப்புக்கு மேல், பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் என்கிறது. கேட்டால் அழகாகத் தர்க்கமும் சொல்வார்கள், அடுப்புக்குப் பக்கத்தில் போனால் சுடும் சார் என்று. தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை, கையில் இருக்கும் விவரம்தான் குறைவு. பூமி சூரியனுக்கு மிகப் பக்கத்தில் வருவது ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி, ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தள்ளிப் போவது ஜூலை தொடக்கத்தில், 15.2 கோடி. நாம் போர்வையை இழுத்துப் போர்த்தும் மார்கழிதான் பக்கத்தில் இருக்கும் மாதம்! இது தெரியாதவனிடம் 'விமர்சித்து யோசி' என்றால் எதை வைத்து யோசிப்பான்?

கடைசிபெஞ்ச்_அப்பா எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை, ஐந்தாவது படிக்கும் பெண்ணுக்கு அப்பா. தனியார் பள்ளி. இவள் ஒரு நாள் "பூஜ்யத்தால் வகுத்தால் ஏன் விடை வராது, காரணம் சொல்லுங்க மிஸ்" என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். சாயங்காலம் டைரியில் 'வகுப்பில் எதிர்த்துப் பேசுகிறாள், பெற்றோர் கவனிக்கவும்'. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அவளிடம், எதுக்கு இந்த அதிகப்பிரசங்கித்தனம் என்றும் கேட்டேன். இந்த இழையைப் படிக்கும்வரை அதில் என்ன தப்பு என்று தோன்றவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாக்பீஸ்தூள் எழுதியது:

//அந்த ஒப்பந்தப்படி பார்த்தால் 36 என்பது ரொம்ப நியாயமான விடை//

ஒத்துக்கொள்கிறேன் சார். பொறி என்பதையும்கூட. ஆனால் ஒப்பந்தத்தில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது. அவன் பக்கத்தை நோட்டைத் திருப்பிப் பார்த்துவிடலாம், என் பக்கத்தை எங்கே பார்ப்பது? இந்த வாரம் ஒரு வேலை செய்யப்போகிறேன். எச்.எம்.மிடம் சொல்லிவிட்டு, போனில் ரெக்கார்டரைப் போட்டு மேசை டிராயருக்குள் வைத்து என் வகுப்பை நானே கேட்கப்போகிறேன். ஒலி மட்டும், வீடியோ இல்லை. கேட்டு முடித்ததும் அழித்துவிடுவேன்.

ஓய்வுபெற்றகரும்பலகை எழுதியது:

போடும்மா, போட்டுக் கேள். முதல் ஐந்து நிமிடம் உன் குரலே உனக்குப் பிடிக்காது, அதைத் தாண்டிவிடு.

என் காலத்தில் போனுக்கு எங்கே போவது. எனக்கு விடைத்தாள்தான் கண்ணாடி. ஒரு காலாண்டுத் தேர்வு, 2.5 x 10 என்ற ஒரு மதிப்பெண் கணக்கு. கட்டைத் திருத்தத் திருத்த 2.50, 2.50, 2.50 என்றே வருகிறது. முதல் பத்துத் தாளுக்குத் திட்டிக்கொண்டே தப்புப் போட்டேன். இருபதாவது தாளில் பேனா நின்றுவிட்டது. ஒருவன் தப்புச் செய்தால் அது அவன் தப்பு. பாதி வகுப்பு ஒரே தப்பைச் செய்தால் அது எங்கிருந்து வந்தது? ஆறாம் வகுப்பில் "பத்தால் பெருக்கணுமா, பின்னாடி ஒரு பூஜ்யம் சேர்த்துக்கோ, அவ்வளவுதான்" என்று சொன்ன வாய் என் வாய்தான். முழு எண்ணுக்கு அந்தக் குறுக்குவழி ஓடியது, தசமம் வந்ததும் படுத்துவிட்டது. பிள்ளைகள் நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார்கள். அத்தனை தாளிலும் என் கையெழுத்துத்தான்.

அன்றைக்குப் பிறகு ஒரு 40 பக்க நோட்டு வைத்துக்கொண்டேன். நாளுக்கு ஒரு வரி, அதற்கு மேல் எழுத மாட்டேன். 'இன்று எங்கே வழுக்கியது.' பெரும்பாலான நாள் அந்த வரியும் இருக்காது. ஆனால் அடுத்த வருடம் அதே பாடம் வரும்போது அந்த நோட்டு இருந்ததே, அதற்கு எந்தப் பயிற்சியும் ஈடில்லை.

பயிற்சிக்காலம் எழுதியது:

பி.எட். இரண்டாம் ஆண்டு. இரண்டு ஆண்டுப் படிப்பில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது விதி, அதில் பெரும்பகுதி இந்த ஆண்டில்தான். அதோடு ரிஃப்ளெக்டிவ் ஜர்னல் என்று ஒரு ரெக்கார்டும் உண்டு. ஐயா சொன்ன அதே விஷயம்தான், காகிதத்தில் பார்த்தால்.

நடப்பது என்னவென்றால் சீனியர் அக்கா ஒருவருடைய ஜர்னல் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் ஆகச் சுற்றுகிறது. "இன்றைய வகுப்பு சிறப்பாக அமைந்தது. மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். அடுத்த வகுப்பில் டி.எல்.எம். (கற்பித்தல் துணைக்கருவி) மேலும் பயன்படுத்துவேன்." தேதியையும் பாடத்தையும் மாற்றினால் போதும். ஒரு முறை மட்டும் உண்மையை எழுதினேன். எட்டாம் வகுப்பில் பாதியில் எனக்கே பாடம் குழம்பிவிட்டது, ஒரு பையன் திருத்தினான், கூச்சமாக இருந்தது என்று. கைடு டீச்சர் கூப்பிட்டு, "தம்பி, இதெல்லாம் வெளியே இருந்து வரும் எக்ஸ்டர்னல் பார்ப்பாங்க, வேற தாள் எழுதி ஒட்டிடு" என்றார். அவர் கெட்டவர் இல்லை, என் மார்க்கைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஒட்டினேன். அந்தப் பக்கம் இப்போதும் மற்றதைவிடத் தடிமனாக இருக்கிறது.

மூன்றாம்பீரியட் எழுதியது:

தடிமனான பக்கம்! தம்பி, அது ஒன்றுதான் அந்த ஜர்னலில் உண்மை.

எனக்கு இதில் இருக்கும் பயமே அதுதான். நல்ல வழக்கம் ஒன்றைக் கண்டுபிடித்தால் மறு மாதமே அதற்கு ஒரு படிவம் அச்சாகிவிடும். நாளைக்கே பாடக்குறிப்பேட்டில் 'ஆசிரியரின் சுயசிந்தனை' என்று ஒரு கட்டம் சேர்த்து, தினமும் நிரப்பி வாரக்கடைசியில் எச்.எம். கையெழுத்து வாங்கச் சொன்னால் என்ன எழுதுவோம்? 'இலக்கு அடையப்பட்டது.' மேலதிகாரி பார்க்கும் நோட்டில் எவன் தன் வழுக்கலை எழுதுவான்? ஐயாவின் 40 பக்க நோட்டை யாரும் கேட்டதில்லை, அதனால்தான் அதில் உண்மை இருந்தது.

சாக்பீஸ்தூள் எழுதியது:

கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் போயிற்று. 40 நிமிட வகுப்பு, அறிவியல், ஒளிச்சேர்க்கை. பேப்பரில் கோடு போட்டுப் போட்டு எண்ணினேன்.

நான் கேட்ட கேள்விகள் 61. பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால், அதில் 24 "புரிஞ்சுதா?", "சரியா?", "ஓகேவா?" வகை. பதில் எல்லாவற்றுக்கும் ஒன்றே, "புரிஞ்சுது டீச்சர்" என்று ராகம் போட்டு. இன்னொரு 26 எல்லாருக்கும் தெரிந்த அந்த விளையாட்டு. நான் "ஒளிச்சேர்..." என்று இழுப்பேன், வகுப்பு "...க்கை!" என்று முடிக்கும். "பச்சை..." "...யம்!" இதை நான் இத்தனை நாளாகப் பங்கேற்பு என்று நினைத்திருக்கிறேன். பாதிச் சொல்லை நான் சொல்லி மீதிச் சொல்லை அவர்கள் சொன்னால் அதற்குக் கோயில் பஜனை என்று பெயர். மீதி 11இல் ஒன்பது புத்தகத்தில் வரியாகவே இருப்பது. என்ன, எது, எத்தனை. பிள்ளை தன் சொந்த வாக்கியத்தில் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி இரண்டே இரண்டு. அந்த இரண்டில் ஒன்றுக்கு நானே பதிலும் சொல்லிவிட்டேன், யாரும் வாயைத் திறப்பதற்குள்.

அடுத்தது இன்னும் கஷ்டம். யார் பெயரையெல்லாம் கூப்பிட்டேன் என்று ஒரு பட்டியல் போட்டேன். பதிலுக்காகக் கூப்பிட்டது திரும்பத் திரும்ப அதே ஆறு பேர். 34இல் ஆறு. கடைசி வரிசையில் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். அந்த 40 நிமிடத்தில் அவர்கள் பெயர் என் வாயில் மூன்று தடவை வந்திருக்கிறது. ஒரு தடவை "போய் சாக்பீஸ் வாங்கிட்டு வா", ஒரு தடவை "அந்த ஜன்னலைச் சாத்து", ஒரு தடவை "சத்தம் போடாதே".

யாழ்_முற்றம் எழுதியது:

வணக்கம் ரீச்சர். இங்கே இலங்கையில் நான் தரம் 8க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உங்களுக்குப் 'புரிஞ்சுதா', எங்களுக்கு 'விளங்கிச்சோ'. பிள்ளைகள் "ஓம் ரீச்சர்" என்பார்கள். அந்த ஓம் என்பது விளங்கின ஓம் இல்லை, மணி அடிக்கப் போகுது, விடுங்கோ என்கிற ஓம்.

எங்களுக்கு 2007இல் பாடத்திட்டம் தேர்ச்சி மையமாக, அதாவது பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும் என்பதை மையமாக வைத்து மாறியபோது ஐந்து 'ஈ' (ஆங்கில E) முறை என்று ஒன்று வந்தது. ஈர்க்க வேண்டும், ஆராய விட வேண்டும், விளக்க விட வேண்டும், விரிவாக்க வேண்டும், கடைசியில் மதிப்பிட வேண்டும். முறையில் பிழை இல்லை. ஆனால் ஆராய விடுகிற இடத்தில் பிள்ளைகள் குழுவாக இருந்து டிமை பேப்பர் என்கிற பெரிய தாளில் மார்க்கரால் புத்தகத்தைப் பார்த்து எழுதி ஒட்டுவதோடு அது முடிந்து போனதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், செய்தும் இருக்கிறேன். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குக் கடந்தகால வினாத்தாள்களை அடுக்கிவைத்துச் செய்து வளர்ந்த பிள்ளை ஆறாம் தரத்துக்கு வந்ததும் 'நீயாக ஆராய்' என்றால் அது எங்களுடைய முகத்தைத்தான் ஆராயும், ரீச்சருக்கு எந்த விடை வேணும் என்று.

நான் இப்ப 'விளங்கிச்சோ' என்பதை விட்டுவிட்டேன். பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது துண்டுக் கடதாசி கொடுத்து, இண்டைக்கு எது விளங்கவில்லை என்று பெயர் போடாமல் எழுதித் தரச் சொல்லுகிறேன். முதல் கிழமை எல்லாரும் 'எல்லாம் விளங்கியது' என்றே எழுதினார்கள். மூன்றாம் கிழமை ஒரு பிள்ளை எழுதியிருந்தது: 'நீங்கள் கேள்வி கேட்டிட்டு உடனே மற்றப் பிள்ளையைப் பார்க்கிறீங்கள்.'

ஓய்வுபெற்றகரும்பலகை எழுதியது:

அந்தப் பிள்ளை சொன்னதை மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களிலேயே ஒலிநாடாவில் பதிந்து அளந்திருக்கிறார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி, அதற்கும் குறைவாகக்கூட. அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், 'தெரியாது' குறைந்தது. பிள்ளைகளே கேள்வி கேட்பதும் கூடியது.

சொல்வது சுலபம். மூன்று விநாடி அமைதியாக நின்று பார், வகுப்பு கையைவிட்டுப் போன மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

மூன்றாம்பீரியட் எழுதியது:

எல்லாம் சரி ஐயா, போர்ஷன்? எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. ஜனவரியில் ரிவிஷன் டெஸ்ட் ஆரம்பித்துவிடும். அமைதிக்கு எங்கே நேரம்?

ஓய்வுபெற்றகரும்பலகை எழுதியது:

நீங்கள் இயற்பியல்காரர், பெருக்கிப் பாருங்கள். டீச்சர் கேட்டது 61 கேள்வி. எல்லாவற்றுக்கும் மூன்று விநாடி காத்திருந்தாலும் 183 விநாடி, மூன்று நிமிடம். அந்த 50 வெட்டிக் கேள்வியை விட்டுவிட்டால் நேரம் மிச்சமாகும்.

மூன்றாம்பீரியட் எழுதியது:

சரி, தோற்றேன். ஆனாலும் தேர்வு விஷயத்தை இந்த இழை ரொம்ப லேசாகத் தாண்டுகிறது. திருக்குறளில் அறிவுடைமை அதிகாரம், 423ஆம் குறள். எந்தப் பொருளை யார் வாயில் கேட்டாலும் அதன் உண்மையைப் பார் என்கிற குறள். அதை மனப்பாடப் பகுதியில் வைத்து, அடி பிறழாமல் எழுதச் சொல்லி, ஒரு 'ப்' விட்டுப் போனால் அரை மதிப்பெண் குறைக்கிறோம். யார் சொன்னாலும் அப்படியே நம்பாதே என்பதை அப்படியே ஒப்பி என்கிறோம். பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும், குறளையா, குறைத்த அரை மதிப்பெண்ணையா?

தெற்குத்தெரு எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். டீச்சரிடம் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கடைசி வரிசைப் பையன்கள் இரண்டு பேரும் ஊரில் எந்தப் பக்கம்?

ஏன் கேட்கிறேன் என்றால் நானும் சாக்பீஸ் வாங்கி வந்தவன்தான். ஆறாவது முதல் பத்தாவது வரை. தண்ணீர் எடுக்க, பெருக்க, டீ வாங்க. கேள்வி கேட்க என்னை எழுப்பியதே இல்லை. எந்த வாத்தியாரும் என்னைச் சாதி சொல்லித் திட்டியதும் இல்லை, நல்லவர்கள்தான். 'நல்ல பையன், சொன்ன வேலையைச் செய்வான்' என்று பெயர் வாங்கினேன். அது என்ன பெயர் என்பது எனக்குக் கல்லூரி போன பிறகுதான் புரிந்தது.

மூன்று விநாடி காத்திருப்பது நல்லதுதான். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்பதையும் அந்தப் பேப்பரில் எண்ணிப் பாருங்கள்.

நெறியாளர் எழுதியது:

நல்ல இழை, தொடருங்கள். ஊர், பள்ளி, பிள்ளைகளின் அடையாளம் எதுவும் வேண்டாம். டீச்சர் விரும்பினால் மட்டும் பதில் சொல்லலாம்.

சாக்பீஸ்தூள் எழுதியது:

இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வேலை இல்லை.

அண்ணா, நீங்கள் நினைத்தது சரி. இரண்டு பேரும். நான் உட்காரவைக்கவில்லை, அவர்களாகவே அங்கே போய் உட்கார்ந்தார்கள் என்று முதலில் எழுதி, பிறகு அழித்துவிட்டேன். ஜூன் மாதத்திலிருந்து அவர்கள் அங்கேயே இருக்க நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ரெக்கார்டிங்குக்கு அது தெரியவில்லை.

வேறு எதுவும் இப்போது சொல்லத் தெரியவில்லை.

தெற்குத்தெரு எழுதியது:

போதும் டீச்சர். திட்டுவதற்காகக் கேட்கவில்லை.

பயிற்சிக்காலம் எழுதியது:

இப்படி ஒரு பேச்சு எங்கள் கல்லூரியில் ஒரு நாள்கூட நடந்தது இல்லை. ஆசிரியர் தன் வேலையைத் தானே பார்க்க ஸ்டீபன் புரூக்ஃபீல்டு என்ற கல்வி அறிஞர் சொன்ன நான்கு கண்ணாடி என்று பரீட்சைக்கு எழுதினோம்: உன் அனுபவம், மாணவர் கண், சக ஆசிரியர் கண், ஆய்வு நூல். ஐந்து மதிப்பெண். டீச்சரின் பேப்பர் கோடு, யாழ் டீச்சரின் துண்டுத்தாள், அண்ணன் கேட்ட கேள்வி, ஐயா சொன்ன ஒலிநாடா, நான்கும் இந்த ஒரே இழையில் வந்துவிட்டதை இப்போதுதான் பார்க்கிறேன். பரீட்சைக்கு முன்னாடி வந்திருக்கலாம்.

ஒரு கேள்வி: சக ஆசிரியர் கண் என்பது நடைமுறையில் எப்படி? நம் வகுப்பில் இன்னொரு டீச்சர் வந்து உட்கார்ந்தாலே இன்ஸ்பெக்ஷன் மாதிரி இருக்குமே?

யாழ்_முற்றம் எழுதியது:

ஜப்பான்காரரின் பாட ஆய்வு முறையைப் பாருங்கோ தம்பி. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை எழுதுவினம், ஒருவர் படிப்பிப்பார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பார்ப்பினம். படிப்பிக்கிற ஆளைப் பார்ப்பதில்லை, பிள்ளைகளைப் பார்ப்பினம். இந்தப் பிள்ளை எந்த இடத்தில் பென்சிலை வைத்துவிட்டு யன்னலைப் பார்த்தது, அந்தப் பிள்ளை எதை அழித்து அழித்து எழுதியது என்று. பிறகு இருந்து கதைத்து அதே பாடத்தைத் திருத்துவினம். பாடம் எல்லாருடையதும் என்றபடியால் ஒருவருக்கும் அவமானம் இல்லை. அங்கே நூறு வருடத்துக்கு மேலான வழக்கம் அது.

மூன்றாம்பீரியட் எழுதியது:

நம்மிடமும் இடம் இருக்கிறது. குறுவளமையக் கூட்டம் என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் எல்லாம் ஒரே அறையில் உட்காரும் நாள் வருகிறதே. நான் பார்த்த கூட்டங்களில் புரொஜெக்டர் ஓடும், பிபிடி ஓடும், இடையில் டீயும் மிக்சரும், கையெழுத்து, கிளம்பு. அதில் ஒரு மணி நேரம், ஒரே ஒரு பாடம், 'இது போன தடவை எங்கே வழுக்கியது' என்று பேசினால் போதும். உத்தரவு போட்டுச் செய்யச் சொன்னால் மட்டும் கெட்டுவிடும்.

சாக்பீஸ்தூள் எழுதியது:

இன்றைக்கு ஒரு பீரியட் வேறு மாதிரி முயன்றேன், எழுதிவைக்கிறேன்.

ஒளிச்சேர்க்கையையே மறுபடி எடுத்தேன். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு ஒரு கதை. பெல்ஜியம் பக்கத்தில் ஹெல்மாண்ட் என்று ஒருவர், பெரிய தொட்டியில் உலர்த்திய மண்ணை எடை போட்டுக் கொட்டி, சின்ன வில்லோ மரம் ஒன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி ஐந்து ஆண்டு வளர்த்தார். மண் சுமார் 90 கிலோ. மரம் நடும்போது இரண்டே கால் கிலோ, ஐந்து ஆண்டு கழித்து 76 கிலோவுக்கு மேல். மண்ணை மறுபடி உலர்த்தி எடை போட்டால் அது 60 கிராம்கூடக் குறையவில்லை. "மரத்துக்கு இவ்வளவு எடை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தேன்.

ஐயா சொன்ன மாதிரியே நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்று இல்லை, எட்டு வரை எண்ணினேன். முதலில் வழக்கமான ஆறு கை. அவர்களை இருங்கள் என்றேன். அப்புறம் "தண்ணி டீச்சர்" என்று நடுவில் ஒரு குரல். ஹெல்மாண்டும் தண்ணீர் என்றுதான் முடிவு செய்தார் என்றேன், வகுப்புக்கு ஒரே சந்தோஷம். அவர் சொன்னது சரியா என்றேன். மறுபடி அமைதி, ஆனால் இது வேறு அமைதி. ஒருத்தி, தேர்வில் நாற்பதைத் தாண்டாதவள், "அஞ்சு வருசத்துல இலை உதிர்ந்திருக்குமே, அதை எடை போட்டாரா?" என்றாள். இன்னொருத்தி, "தொட்டி திறந்து கிடந்தா காத்துல புழுதி விழுந்து மண்ணு கூடியிருக்குமே?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன், பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அதற்குத்தான் வகுப்பு அதிகமாக ஆச்சரியப்பட்டது.

கடைசி வரிசையில் ஒருவனை எழுப்பி, நீ என்ன நினைக்கிறாய் என்றேன். நல்லெண்ணத்தில்தான். எழுந்து நின்றான், காது சிவந்துவிட்டது, முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். உட்கார் என்று சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டான். ஐந்து மாதம் கூப்பிடாமல் இருந்துவிட்டுத் திடீரென்று கூப்பிட்டால் அது அவனுக்குத் தண்டனையாகத்தான் போயிருக்கிறது. நாளைக்குப் பெயர் சொல்லப்போவதில்லை. நான்கு நான்கு பேராக உட்காரவைத்து, அவன் பெஞ்சில் நானும் கொஞ்ச நேரம் உட்காரப்போகிறேன். சரிவருமா என்று தெரியாது.

இரண்டாம் பருவப் பாடத்தில் ஒன்றரைப் பாடம் பின்தங்கிவிட்டேன். அதையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் இதுவும் தம்பியின் பிடிஎஃப் மாதிரி ஆகிவிடும்.

தெற்குத்தெரு எழுதியது:

பெஞ்சில் போய் உட்காருங்கள் டீச்சர். முதல் நாள் நகர்ந்து உட்காருவான். விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம்பீரியட் எழுதியது:

அந்த இரண்டு பெண்களுக்கும் பதில் இருக்கிறது. ஹெல்மாண்டின் குறிப்பு அவர் இறந்த பிறகு 1648இல் அச்சானது. அதிலேயே, நான்கு இலையுதிர் காலத்தில் விழுந்த இலைகளை நான் எடை போடவில்லை என்று அவரே ஒத்துக்கொள்கிறார். புழுதி விழாமல் இருக்கத் தகரம் பூசிய இரும்பு மூடியால் தொட்டியை மூடியும் இருக்கிறார், நிறைய ஓட்டை போட்ட மூடி.

வேடிக்கை என்னவென்றால் 'கேஸ்' என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்தவர் இவர்தான். கரி எரியும்போது வரும் வாயுவைப் பற்றியெல்லாம் எழுதியவர். மரத்தின் எடை அந்த வாயுவிலிருந்து வந்திருக்கலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. இதை என் பதினொன்றாம் வகுப்பில் நானும் கேட்கப்போகிறேன், பஜனை இல்லாமல்.

சாக்பீஸ்தூள் எழுதியது:

நன்றி சார். இலை விஷயத்தை நாளைக் காலை வந்ததும் சொல்லிவிடுகிறேன். மூடி விஷயத்தில் பாதியை மட்டும் சொல்வேன். புழுதி கேட்டவளிடம், அந்த மூடியில் ஓட்டை ஏன் போட்டார் என்று திருப்பிக் கேட்டுவிட்டு விரலை மடக்க ஆரம்பிக்கிறேன்.